ஊர் நினைப்பு என்பது என்ன? புதிய நாட்டில் மனம் ஏன் தவிக்கிறது?

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளை தொலைபேசியில் குரல் தழுதழுக்கப் பேசினால், நம் வீடுகளில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டுதான். “ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, எல்லாம் பழகிடும்” என்பது ஒன்று. “இதுக்குத்தான் அப்பவே யோசின்னு சொன்னோம்” என்பது இன்னொன்று. முதல் பதில் ஊர் நினைப்பை ஜலதோஷம்போல நாள் போனால் தானாகப் போகிற ஒன்றாகக் கருதுகிறது. இரண்டாவது அதை மனவுறுதிக் குறைவாகக் கருதுகிறது. இரண்டும் அன்போடு சொல்லப்படுபவையே. ஆனாலும் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே தொடுவதில்லை.

நான் 2017 அக்டோபரில் கோவில்பட்டியிலிருந்து ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு முதுநிலைப் படிப்புக்காக வந்தேன். அதன்பின் ஒவ்வோர் அக்டோபரிலும் புதிதாக வந்திறங்கும் நம் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். இங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். விசா, வங்கிக் கணக்கு, வாடகை அறை ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்கு வழிகாட்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரணம் தெரியாமல் நெஞ்சு அடைப்பதைப் பற்றி விளக்கிச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஊர் நினைப்பு ஒற்றை உணர்ச்சி கிடையாது. வெவ்வேறு இழப்புகள் ஒரே நேரத்தில் சேர்ந்து தாக்குவதுதான் அது. எது நம்மைத் தாக்குகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், அதைச் சமாளிக்கும் வழியும் தெரியும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

பெயரும் பழைய விளக்கங்களும்

ஊர் நினைப்பை, அதாவது ஊர் ஏக்கத்தை, இப்படி வரையறுக்கலாம்: பழகிய இடத்தையும் மனிதர்களையும் பிரிந்ததாலோ, பிரியப்போகிறோம் என்ற நினைப்பாலோ எழுந்து, அன்றாட வேலைகளையும் தடுக்கக்கூடிய தவிப்பு. “பிரியப்போகிறோம்” என்ற பகுதியைக் கவனியுங்கள். பெட்டி கட்டும் வாரத்திலேயே தூக்கம் கெடுவது பலருக்கும் நடப்பதுதான்.

ஜெர்மன் மொழியில் இதற்கு ‘ஹைம்வே’ என்று பெயர். வீட்டு வலி என்று பொருள். 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர் இதை ஒரு நோயாகவே விவரித்து ஆய்வேடு எழுதினார். திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் உருவாக்கிய பெயர்தான் ‘நாஸ்டால்ஜியா’. பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையான ஒரு மாணவர், ஊருக்கு அழைத்துச் செல்லப்பட்ட வழியிலேயே தேறிவிட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, சூரிச் நகரத்து அறிஞர் ஷொய்க்ட்ஸர், மலையில் வாழ்ந்த சுவிஸ் மக்கள் சமவெளிக்கு இறங்கும்போது கூடும் காற்றழுத்தமே இதற்குக் காரணம் என்று கருதினார். நோயாளியை ஒரு குன்றிலோ கோபுரத்திலோ தங்கவைக்கலாம் என்பது அவருடைய யோசனை. அந்தக் காரணம் தவறு. ஆனால் இது உடலையும் படுக்கவைக்கும் அளவுக்கு உண்மையானது என்பதை அவர்கள் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையை நம் வீடுகளிலும் அதற்குக் கொடுக்கலாம்.

திருமண மண்டபத்துக் குழந்தை

ஒரு திருமண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அம்மாவின் மடியிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே ஓடுகிறது, கீழே கிடக்கும் பூவைப் பொறுக்குகிறது, தவில்காரருக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தபடி பார்க்கிறது. நடுநடுவே திரும்பி, அம்மா அங்கேயே இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறது. அம்மா எழுந்து பந்திக்குப் போய்விட்டால் ஆட்டம் நின்றுவிடுகிறது. அதே மண்டபம், அதே தவில், அதே பூ. ஆனால் இப்போது எல்லாமே மிரட்டுகின்றன.

குழந்தையை அம்மாவோடு இணைக்கும் இந்தக் கட்டுக்குப் பற்றுறவு என்று பெயர். ஆபத்து வந்தால் யாரிடம் ஓடினால் பாதுகாப்பு கிடைக்குமோ, அவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூளை இயல்பாகவே நடத்தும் ஏற்பாடு இது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இதை விளக்கினார். குழந்தைகளைக் கவனித்து ஆய்வு செய்த மேரி ஐன்ஸ்வொர்த், அப்படிப்பட்ட ஆளைப் பாதுகாப்புத் தளம் என்று குறிப்பிட்டார். தளம் உறுதியாக இருந்தால்தான் குழந்தை உலகத்தைத் துணிந்து பார்க்கும்.

வளர்ந்த பின்னும் இந்த ஏற்பாடு நம்முள் இருக்கிறது. இரவு 2 மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலித்தால் யாரை எழுப்புவது என்ற கேள்விக்கு ஊரில் ஒவ்வொருவருக்கும் பதில் உண்டு. பதில் இருப்பதால்தான் கேள்வியே எழுவதில்லை. புதிய நாட்டில் அந்தப் பதில் இல்லாமல் போகிறது. உடனே உள்ளே ஒரு மணி ஓயாமல் அடிக்கத் தொடங்குகிறது. “தளத்துக்குத் திரும்பு” என்பதுதான் அதன் செய்தி. வெளியே நடமாட வேண்டிய நேரத்தில் அறைக்குள் முடங்குவதும், பக்கத்துத் தெருவைக்கூடப் பார்க்கத் தோன்றாததும் சோம்பலால் வருபவை என்று பலரும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அம்மாவைக் காணாத குழந்தை ஆட்டத்தை நிறுத்தியதே, அதுதான் இங்கும் நடக்கிறது.

நேர வேறுபாடு இதைக் கூர்மையாக்குகிறது. குளிர்காலத்தில் ஜெர்மனி இந்தியாவுக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. மாலை 6 மணிக்கு அறைக்குத் திரும்பும்போது ஊரில் இரவு பத்தரை. தனிமை அதிகம் உறுத்துகிற இரவு 10 மணிக்கு ஊரில் அதிகாலை இரண்டரை. தெரிந்த எல்லோரும் தூங்குகிறார்கள். மனம் கதவைத் தட்டத் துடிக்கும் நேரத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதல் இழப்பு, பாதுகாப்புத் தளத்தின் இழப்பு. அதனால் எழும் தவிப்பு ஒரு பழுதின் அடையாளம் இல்லை; பற்றுறவு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அடையாளம்.

ஜன்னல் திறக்கத் தெரியாத நாள்

இருசக்கர வண்டி ஓட்டப் பழகிய முதல் வாரம் நினைவிருக்கும். கிளட்ச், கியர், பிரேக், எதிரே வரும் ஆடு என்று எல்லாவற்றிலும் கண்ணும் கருத்தும் வைத்து, பத்து நிமிடத்தில் களைத்துவிடுவோம். ஆறு மாதம் கழித்துப் பின்னால் இருப்பவரோடு குடும்பக் கதை பேசிக்கொண்டே ஓட்டுவோம். இப்படிக் கவனத்தைச் செலவழிக்காமலேயே நடக்கும் செயலைத் தன்னியக்கப் பழக்கம் என்று சொல்லலாம். ஒரு நாளில் நாம் செய்வதில் பெரும்பகுதி இந்த வகைதான். எந்தக் கடையில் எதை வாங்குவது, பக்கத்து வீட்டாரைப் பார்த்தால் என்ன சொல்வது, பேருந்தில் எந்தப் படியில் ஏறுவது என்றெல்லாம் ஊரில் நாம் யோசிப்பதே இல்லை.

நாடு மாறியதும் அத்தனை பழக்கமும் ஒரே நாளில் செல்லாக்காசாகின்றன. குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை எப்படிப் பெறுவது, எதிர்வீட்டுக்காரருக்கு எப்போது வணக்கம் சொல்வது என்று எல்லாமே முதல் வார வண்டியோட்டமாகின்றன. என் அறையின் ஜன்னலை முதன்முதலில் திறந்த நாளை நான் மறக்கவில்லை. ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினால் கதவுபோல் திறக்கும். நேர்மேலே திருப்பினால் மேற்பகுதி மட்டும் உள்நோக்கிச் சாயும். இது தெரியாமல், திறந்த நிலையிலேயே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டேன். ஒரு மூலை விடுபட்டு, கண்ணாடிச் சட்டம் என் மேல் சாய்ந்தது. கழன்றே விட்டது என்று நினைத்து இரண்டு கையாலும் தாங்கியபடி, ஆங்கிலத்தில் உதவி கேட்டுக் கத்தினேன். பக்கத்து அறை மாணவி வந்து, சட்டத்தைத் தள்ளி, கைப்பிடியைத் திருப்பி, மூன்றே விநாடியில் சரிசெய்தாள். அவள் போனபின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். 22 வயதில் எனக்கு ஒரு ஜன்னலைத் திறக்கத் தெரியவில்லை என்பதுதான் அந்த அழுகை. ஊரில் நான் ஒரு திறமையுள்ள ஆள், இங்கே கைக்குழந்தை.

இரண்டாவது இழப்பு இதுதான். ஆளை இழப்பதைவிட இது கண்ணுக்குத் தெரிவது குறைவு. ஆனால் நாள் முழுவதும் சிறுசிறு செயலுக்கெல்லாம் கவனத்தைச் செலவழித்த மூளை மாலையில் வற்றிப்போகிறது. களைத்த மனத்தால் துயரத்தைத் தள்ளிவைக்க முடிவதில்லை. “இன்னைக்குப் பெருசா ஒண்ணும் செய்யலியே, ஏன் இவ்வளவு அசதி?” என்று கேட்கும் ஒவ்வொரு புதிய மாணவருக்கும் நான் இந்த விளக்கத்தைத்தான் சொல்கிறேன்.

வாசனை ஏன் கண்ணீரை வரவழைக்கிறது?

டிசம்பரில் டோர்ட்முண்ட் நகர நடுவில் கிறிஸ்துமஸ் சந்தை கூடும். அங்கே செப்புச் சட்டியில் சர்க்கரைப் பாகு காய்ச்சி, பாதாம் பருப்பைப் போட்டுக் கிளறுவார்கள். வந்த இரண்டாம் மாதம் அந்தக் கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. பருப்பு வறுபடும் மணமும் இனிப்பு கருகத் தொடங்கும் மணமும் சேர்ந்து, எங்கள் ஊரில் பள்ளிக்கு நடந்துபோகும் வழியில் கடலைமிட்டாய்ப் பட்டறையிலிருந்து வரும் காற்றாகவே இருந்தன. வெல்லமும் இல்லை, நிலக்கடலையும் இல்லை. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

இதற்குத் தெளிவான உடற்காரணம் உண்டு. பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற ஓர் இடைநிலையத்தில் வரிசைப்படுத்தப்பட்ட பிறகே மேலே செல்கின்றன. மணம் மட்டும் அந்த நிலையத்தில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் என்ன மணம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே தொண்டை அடைத்துவிடுகிறது. எதிர்பாராத இடத்தில் இப்படி அழுகை வந்தால், மனம் உடைகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

நாலரை மணிக்கு வரும் இருட்டு

டிசம்பர் கடைசியில் டோர்ட்முண்டில் சூரியன் காலை எட்டரைக்கு உதித்து, மாலை நாலரைக்கு முன்பே மறைகிறது. பகல் 8 மணி நேரம்கூட இல்லை. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். வெளிச்சம் குறையும்போது உடலின் தூக்கக் கடிகாரம் குழம்புகிறது. சிலருக்கு இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் நீங்கும் சோர்வு ஆண்டுதோறும் வருகிறது. அதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர், 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் அதை விவரித்தார்கள். நம்மவர்கள் இதையும் ஊர் நினைப்பின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். மேகம் மூடிய பகலிலும்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே காலையில் அரை மணி நேரம் வெளியே நடப்பது உடலுக்குத் தேவையான மருந்து.

ஆக, ஊர் நினைப்பு என்று ஒரே பெயரில் நாம் அழைப்பதற்குள் பாதுகாப்புத் தளத்தின் இழப்பு, தன்னியக்கப் பழக்கங்களின் இழப்பு, வெளிச்சத்தின் இழப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றன. மணமும் பாட்டும் பண்டிகை நாளும் அவற்றைத் திடீரென்று கிளப்பிவிடும் தூண்டுகோல்கள்.

“முதலில் தேனிலவு, பிறகு சரிவு” என்ற கதை

புதிய நாட்டில் முதல் மாதங்கள் உற்சாகமாகவும், நடுப்பகுதி துயரமாகவும், பிறகு மெல்ல ஏற்றமாகவும் இருக்கும் என்று ஒரு வளைகோட்டைப் பலரும் காட்டுவார்கள். இது நார்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவில் தங்கித் திரும்பிய 200 நார்வேக்காரர்களை அவர் விசாரித்தார். ஒரே ஆளை மாதாமாதம் பின்தொடராமல், வெவ்வேறு காலம் தங்கியிருந்த வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டே அந்தக் கோட்டுக்கு வந்தார். 1998இல் கொலீன் வார்டும் உடன் பணியாற்றியவர்களும், நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, தேனிலவுக் காலம் எதையும் காணவில்லை. வந்திறங்கிய நேரம்தான் அவர்களுக்கு மிகக் கடினமாக இருந்தது.

வளைகோட்டை நம்பியவர், முதல் வாரத்திலேயே அழுகை வந்தால் “எனக்கு மட்டும் ஏன்?” என்று கலங்குகிறார், மூன்றாம் ஆண்டுப் பொங்கலன்று திடீரென்று தவிப்பு திரும்பினால் “இன்னுமா?” என்று வெட்கப்படுகிறார். என் அனுபவத்தில் இது அலைபோலத்தான் வருகிறது. அலைகளுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போகும். ஆனால் அட்டவணைப்படி வராது.

ஊஞ்சலின் இரண்டு பக்கம்

சமாளிப்பது பற்றிய அறிவுரைகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கின்றன. ஊரையே மறந்து புதிய இடத்தில் முழுதாக மூழ்கு என்கிறது ஒரு கட்சி. மனம்விட்டுப் பேசு, அழு, தினமும் வீட்டோடு இரு என்கிறது இன்னொன்று. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஸ்கூட்டும், நெருங்கியவரை இறப்பில் இழந்தவர்களைப் பற்றி 1999இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் சில நேரம் இழப்பை நோக்கியும், சில நேரம் புதிய வாழ்க்கையின் வேலைகளை நோக்கியும் மாறிமாறிப் போய்வருகிறார். அந்த அசைவுதான் அவரைத் தேற்றுகிறது. பின்னாளில் அதே ஆய்வாளர்கள் ஊர் ஏக்கத்தையும் ஒரு சிறிய துக்கமாகக் கண்டு, இந்த விளக்கத்தை அதற்கும் பொருத்தினார்கள். ஊஞ்சல் இரண்டு பக்கமும் போய்வந்தால்தான் ஆட்டம். ஒரு பக்கத்திலேயே பிடித்து நிறுத்தினால் கை வலிக்கும்.

நடைமுறையில் இதற்குப் பொருள், ஊர்ப்பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குவது. தவிக்கும்போதெல்லாம் அழைப்பது தவிப்பைத் தணிப்பதைவிட, தவித்தால்தான் அம்மாவின் குரல் கிடைக்கும் என்று மனத்துக்குப் பழக்கிவிடுகிறது. குறித்த நேரத்தில் பேசுவது நல்லது. பேசும்போது சேர்ந்து ஏதாவது செய்வது இன்னும் நல்லது: அங்கே அம்மா கீரை ஆய, இங்கே நீங்கள் வெங்காயம் நறுக்கலாம். ஒரே துயரத்தை விடையில்லாமல் திரும்பத்திரும்ப மனத்தில் ஓட்டுவதற்கு அசைபோடல் என்று பெயர். படுக்கையில் படுத்துக்கொண்டு பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பது அந்த வகை. அது இழப்பை நோக்கிய நேரம்போலத் தோன்றினாலும் ஊஞ்சலை நகர்த்துவதில்லை.

இந்தப் பக்கத்து வேலையில், பெரிய சாகசத்தைவிட ஒரே சின்னச் செயலைத் திரும்பச் செய்வதற்கு வலு அதிகம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ரொட்டிக் கடைக்கு ஒரே நேரத்தில் போனால், ஐந்தாவது வாரம் கடைக்காரப் பெண்மணி உங்களை அடையாளம் கண்டுகொள்வார். அன்று ஒரு தன்னியக்கப் பழக்கம் முளைக்கிறது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், தெரு அமைதியாக இருக்கும். எதுவும் ஏற்பாடு செய்யாமல் அந்த நாளுக்குள் போகாதீர்கள். பூப்பந்து, பாட்டு, தோட்டம் என்று எதற்கும் ‘ஃபெரைன்’ எனப்படும் உறுப்பினர் சங்கங்கள் இங்கே இருக்கின்றன. வாரம் ஒரே நாள், ஒரே முகங்கள் என்பதால் மொழி தட்டுத்தடுமாறினாலும் பழக்கம் வளரும். இரவு 2 மணிக்கு யாரை எழுப்புவது என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு பெயர் கிடைக்கும் வரை முயற்சியை விடாதீர்கள். முதல் இழப்புக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

நம்மவர்களைத் தேடிப் போவதில் தயக்கம் வேண்டாம். டோர்ட்முண்டிலிருந்து ஹாம் நகரம் ரயிலில் அரை மணி நேரத்துக்குள். அதன் ஊன்ட்ரோப் பகுதியில் ஈழத் தமிழர்கள் கட்டி, 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில் ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களுள் ஒன்று. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். தமிழ்க் கடையில் முதன்முறை கறிவேப்பிலை வாங்கியபோது கல்லாவில் இருந்த அண்ணன், “எங்கயிருந்து வந்தனீங்கள், தம்பி?” என்று கேட்டார். இரண்டு வாரத்தில் நான் நேரில் கேட்ட முதல் தமிழ் அது. பேச்சினூடே அவர் 1985இல் வந்ததாகவும், பிறந்த வீடு இப்போது இல்லை என்றும் சொன்னார். எனக்குத் திரும்பிப்போக ஊர் இருந்தது, விமானச் சீட்டுக்குப் பணம் சேர்ப்பதுதான் பாக்கி. திரும்ப முடியாதவரின் ஏக்கத்தை மாணவரின் ஏக்கத்தோடு ஒரே தராசில் வைக்கக்கூடாது. இந்தக் கட்டுரையின் ஆலோசனைகள் அவர் சுமப்பதற்குப் போதாதவை.

எப்போது உதவி தேட வேண்டும்?

ஊர் ஏக்கத்தில் மனம் ஊரை நோக்கியே இழுக்கும். நல்ல பேச்சு, நல்ல சாப்பாடு, நண்பரோடு ஒரு நடை எனக் கொஞ்சம் இளகும். ஊரை நினைத்தாலும் ஒன்றும் தோன்றாமல், பிடித்தது எதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, நாளின் பெரும்பகுதி இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மாணவர் நல அமைப்புகள் உளவியல் ஆலோசனை தருகின்றன. ‘டெலிஃபோன்ஸேல்ஸோர்கே’ என்ற உதவி எண் 0800 111 0 111. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, பெயர் சொல்லாமல் பேசலாம். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே அழைப்பதற்கான அவசர உதவி எண் 112.

ஊரில் இருப்பவர்களுக்கு

“சாப்பிட்டியாய்யா?” என்ற கேள்விக்கு “சாப்பிட்டேம்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “இன்னைக்கு யாரோட பேசுன? எங்க போன?” என்று கேட்டால், பிள்ளையின் மனம் சிறிது நேரமாவது தான் இருக்கும் ஊரைத் திரும்பிப் பார்க்கும். தவிப்பைக் கேட்டவுடன் “கிளம்பி வந்துரு” என்று சொல்வதும், கல்விக் கடனை நினைவூட்டுவதும் ஒரே அளவு தீங்கானவை. முன்னது ஊஞ்சலை ஒரு பக்கமே இழுக்கிறது. பின்னது வாயை அடைத்துவிடுகிறது. தீர்வு சொல்லாமல் பத்து நிமிடம் கேட்டாலே போதும்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நடப்பதை மறைக்காதீர்கள். எங்கள் வாசலில் நின்ற வேப்பமரத்தை வெட்டியதை அம்மா ஏழு மாதம் என்னிடம் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டாமல், அடுப்படிச் சுவரை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் தம்பி தவறிப்போய் கேமராவைத் திருப்ப, மரம் இருந்த இடத்தில் வெறும் வெயில் தெரிந்தது. அதற்குப் பிறகு பல மாதம், அம்மா பேசுவதைக் கேட்பதை விட்டுவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் வேறு என்ன காணாமல் போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.